கார் ஷோரூமுக்குப் பின்னால் ஒரு லாயம்: ரெட் ரம் கதை

நீண்ட த்ரெட். குதிரை, கடல், நடுவுல கொஞ்சம் எலும்பு மருத்துவம். நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க.

1972 ஆகஸ்ட். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், லிவர்பூலுக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் சவுத்போர்ட் என்ற கடற்கரை ஊர். 7 வயசுக் குதிரை ஒன்றை மணலில் ஓட்டிப் பார்க்கக் கூட்டிட்டு வர்றாங்க. டான்காஸ்டர் ஏலத்தில் 6000 கினிக்கு வாங்கி வந்த புதுக் குதிரை. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் அஞ்சு பென்னியும், ஆக 6300 பவுண்டு. அந்த லாயத்துக்கு அது ரொம்பப் பெரிய காசு.

நாலு எட்டு ஓடவிட்டதும் குதிரை நொண்டியது.

வாங்கிய ட்ரெய்னரின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. காசு அவருடையது இல்லை. 80 வயது தாண்டிய ஒரு பெரியவருக்காக வாங்கிய குதிரை. என்ன செய்வதென்று தெரியாமல், சரி, கடல் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் நடத்துங்கன்னு சொன்னார். நடத்தினாங்க. வெளியே வந்த குதிரை நொண்டவில்லை.

குதிரை பேரு ரெட் ரம். அடுத்த அஞ்சு வருஷத்தில் உலகத்திலேயே கஷ்டமான தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை மூணு தடவை ஜெயிச்சது. 1839-லிருந்து வரிசை எண்ணி வரும் அந்தப் பந்தயத்தில் மூணு முறை ஜெயிச்ச ஒரே குதிரை இதுதான்.

பேரைப் பார்த்துட்டு சரக்கு கதைன்னு நினைக்காதீங்க. தாய் பேரு மாரெட், தகப்பன் பேரு குவோரம். ரெண்டு பேரின் கடைசி மூணு மூணு ஆங்கில எழுத்தை ஒட்டி வச்ச பேரு. அவ்ளோதான்.

முதல்ல பந்தயம் என்னன்னு சொல்லிடறேன். நமக்கு குதிரை ரேஸ்னா கிண்டிதான் ஞாபகம் வரும். அது ஃப்ளாட் ரேஸ். தடை எதுவும் இருக்காது, சில நிமிஷத்தில் முடிஞ்சிடும். இது வேற. அயர்லாந்தில் 1752-ல் ரெண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்த் தேவாலயக் கோபுரம் வரைக்கும், நடுவுல வர்ற வேலி, வாய்க்கால், சுவர் எல்லாத்தையும் தாண்டி ஓட்டிப் பார்த்தாங்க. அதிலிருந்து வந்த பேருதான் ஸ்டீபிள்சேஸ். கிராண்ட் நேஷனல் லிவர்பூல் பக்கம் ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும். ரெட் ரம் காலத்தில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 30 தடை. தடைகள் ஊசியிலை மரக் கிளைகளை வைத்துக் கட்டியவை. சேர் என்ற தடை அஞ்சடிக்கு மேல் உயரம். பீச்சர்ஸ் புரூக் என்ற தடையில் தாண்டி இறங்கும் பக்கம் தரை தாழ்ந்து இருக்கும், குதிரை எதிர்பார்த்ததை விடக் கீழே போய் விழும். பத்து நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடியும்.

தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடித்தவை. ஃப்ளாட் ரேஸில் ஜெயிக்கும் ஆண் குதிரைக்கு ஓட்டம் முடிஞ்ச பிறகு இனப்பெருக்கத்தில் கோடிக்கணக்கில் மதிப்பு உண்டு. இதுகளுக்கு அது கிடையாது. ஓடுற வரைக்கும்தான் மதிப்பு. அதனால காலில் வியாதி வந்தால் கதை முடிஞ்சுது.

ரெட் ரம் பிறந்தது 1965 மே 3, அயர்லாந்து. தாண்டுவதற்காக வளர்த்த குதிரையே இல்லை. குறைந்த தூரம் வேகமாக ஓட வேண்டியது. குட்டியாக 400 கினிக்கு விலை போனது. முதல் பந்தயம் 1967-ல் அதே ஏன்ட்ரீயில், ஒரு கிலோமீட்டர் ஃப்ளாட் ரேஸ். இன்னொரு குதிரையோடு சேர்ந்து சமமாக முதலிடம். அப்புறம் கை மாறி கை மாறி, ட்ரெய்னர் மாறி ட்ரெய்னர் மாறி, தாண்டும் பந்தயத்துக்கு வந்து நிறைய ஓடி, கால் கெட்டு, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. நம்ம ஓபிக்கு அஞ்சு ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிட்டு வர்ற பேஷன்ட் மாதிரி. வித்தியாசம் என்னன்னா இந்தக் கேஸில் ஃபைல் வரலை, பேஷன்ட் மட்டும் வந்தது. பழைய லாயத்தில் கால் வியாதிக்கு வைத்தியம் பார்த்தது வாங்கியவருக்குத் தெரியாது.

வாங்கியவர் டொனால்ட் மெக்கெய்ன். ஊரில் எல்லாருக்கும் ஜிஞ்சர். பழைய கார் வாங்கி விற்பார், டாக்ஸி ஓட்டுவார். சவுத்போர்ட்டில் பர்க்டேல் பகுதியில் கார் ஷோரூம், அதுக்குப் பின்னால் லாயம். 1953-ல் குதிரை பழக்க அனுமதி வாங்கினவருக்கு முதல் வெற்றி வந்தது 1965-ல். பன்னிரண்டு வருஷம் ஒரு வெற்றி கூட இல்லாம ஒரு மனுஷன் தினமும் விடியற்காலையில எழுந்து சாணி அள்ளியிருக்கார். எனக்கு அவரைப் பிடிச்சுப் போனது அந்த இடத்தில்தான்.

அவருடைய டாக்ஸியில் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு பெரியவர் ஏறுவார். நோயல் லெ மேர். கட்டுமானத் தொழிலில் பணம் பார்த்தவர். சின்ன வயசில் அவருக்கு மூணு ஆசை: அழகான பெண்ணைக் கல்யாணம் பண்ணணும், கோடீஸ்வரன் ஆகணும், கிராண்ட் நேஷனல் ஜெயிக்கணும். ரெண்டு நடந்தாச்சு. மூணாவதுக்கு டாக்ஸி டிரைவரிடம் குதிரை வாங்கச் சொன்னார். சவாரியில் பேசிப் பேசியே பிடிச்ச கிளையன்ட்.

இப்போ அந்த லாயத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்னு பார்ப்போம். எனக்கு பந்தயத்தை விட இதுதான் சுவாரசியம்.

தாண்டும் குதிரை லாயம் எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். இருட்டோட எழுந்து முதல் தீனி. அதில் மிச்சம் வச்சிருக்கான்னு பார்ப்பாங்க. தொட்டியில ஓட்ஸ் மிச்சம் இருந்தா அதுதான் அன்றைய முதல் எச்சரிக்கை. வார்டில் காலை ரவுண்ட்ஸ் போகும்போது சாப்பிட்டீங்களான்னு முதல்ல கேட்கிறோமே, அதே கேள்வி. பிறகு தொழுவம் கூட்டுறது: நனைஞ்ச வைக்கோலை அள்ளி, காஞ்சதைப் பரப்புறது. சேணம் போட்டு முதல் கூட்டத்தை வெளியே கொண்டு போவாங்க. அது திரும்பினதும் ரெண்டாவது கூட்டம். லாயத்துப் பையன் ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு மூணு குதிரை பொறுப்பு. தேய்ச்சுக் குளிப்பாட்டறது, தீனி, லாடம் கழண்டிருக்கான்னு பார்க்கிறது எல்லாம் அவன் வேலை. பந்தயம் ஜெயிச்சா பேப்பரில் ட்ரெய்னர் பேரும் ஜாக்கி பேரும் வரும். குதிரை ராத்திரி சரியா படுத்துச்சான்னு தெரிஞ்சவன் பேரு வராது. (நர்சிங் ஸ்டாஃப் படிச்சா இதுக்கு ஒரு லைக் போடுவாங்க.)

சாயந்திரம்தான் முக்கியம். ட்ரெய்னர் ஒவ்வொரு குதிரையாகப் போய் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வச்சு மெதுவா கீழே வழிச்சு இறக்குவார். சூடு இருக்கா, வீக்கம் இருக்கா, அமுக்கினா காலை இழுக்குதா. எங்களுக்கு ரெண்டாம் வருஷம் சொல்லித் தர்ற அழற்சியின் அறிகுறிகள் அதே தான். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. முடி மூடியிருக்கறதால சிவப்பு தெரியாது, மத்த மூணையும் கை கண்டுபிடிச்சிடும். தினமும் தொடுற கைக்கு நேத்திக்கும் இன்னிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தெரியாது.

மெக்கெய்ன் லாயத்தில் வித்தியாசமான விஷயம் ஓடுற இடம். பெரிய ட்ரெய்னர்களுக்கு புல் மேடும் மலைச் சரிவும் சொந்தமா இருந்தன. இவருக்கு இருந்தது கடைத்தெருவும் கடற்கரையும். குதிரைகள் கார், பஸ் போற ரோட்டில வரிசையா நடந்து, கடைகளைத் தாண்டி, கரைக்குப் போகணும். பணக்கார லாயத்துக் குதிரை பஸ் ஹாரன் கேட்டா மிரளும். இதுகளுக்கு அது தினப்படி.

சவுத்போர்ட் கரை ரொம்பத் தட்டை. கடல் வெகு தூரம் உள்வாங்கும். ஈர மணல் கெட்டியா இருக்கும். அதில் ஒரு பட்டையை மட்டும் பரம்பு மாதிரி ஒண்ணை இழுத்துக் கிளறி விட்டு, அந்தப் பட்டையில் ஓட்டுவாங்க. மழை பெஞ்சாலும், உள்நாட்டு மைதானம் உறைபனியில் கல்லாகிப் போனாலும், உப்பு மணல் அவ்வளவு சீக்கிரம் உறையாது. குளிர்காலத்தில் மத்தவங்க குதிரைகள் லாயத்துக்குள்ள நிக்கும்போது இவர் குதிரை ஓடும். ஓடி முடிச்சதும் கடலுக்குள்ள நடை. அந்த ஊரில் இறால் பிடிக்கிறவங்க குதிரை வண்டியைக் கடலுக்குள்ளயே ஓட்டி வலை இழுப்பாங்க. நொண்டுற வண்டிக் குதிரை கடலுக்குப் போய் வந்தா சரியாகிடும்னு சின்ன வயசுல பார்த்ததா மெக்கெய்ன் சொல்லுவார். அவருடைய மெடிக்கல் காலேஜ் அதுதான்.

இப்போ வியாதிக்கு வருவோம். பெடல் ஆஸ்டைட்டிஸ்.

உங்க நடுவிரலை மேஜை மேல் செங்குத்தா நிறுத்துங்க. நகம் மட்டும் மேஜையைத் தொடணும். குதிரை நிக்கிறது அப்படித்தான். நம்ம நடுவிரலின் நகம்தான் அதுக்குக் குளம்பு. நாம குதிரையின் முழங்கால்னு நினைக்கிற முன்னங்கால் மூட்டு, உண்மையில நம்ம மணிக்கட்டு. குளம்புக்குள்ள இருக்கிற கடைசி விரல் எலும்புதான் பெடல் எலும்பு. சுமார் 500 கிலோ உடம்பு, தடையைத் தாண்டி இறங்கும்போது ஒரு கணம் ஒத்தை முன்னங்காலில், அந்த ஒரு எலும்பு மேல் வந்து விழும். வருஷக்கணக்கா கெட்டித் தரையில இது நடந்தா எலும்பில் அழற்சி வரும், சுண்ணாம்புச் சத்து குறையும், எக்ஸ்ரேயில் ஓரம் அரிச்ச மாதிரி தெரியும். இதை முழுசா குணப்படுத்த மாத்திரை கிடையாது.

இன்னொரு விஷயம். குதிரைக்கு மணிக்கட்டுக்குக் கீழ் சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது, தசைநாண்தான். நமக்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். குதிரைக்கு அந்த வேலையைச் செய்யறது குளம்பு. ஒவ்வொரு அடிக்கும் குளம்பு லேசா விரிஞ்சு, உள்ளே இருக்கிற மெத்தை மாதிரியான திசு அமுங்கி, ரத்தம் மேலே போகும். நடந்தாதான் பம்ப் வேலை செய்யும். நொண்டுற குதிரையைத் தொழுவத்திலேயே நிறுத்தி வச்சா பம்ப் நின்னுடும்.

இப்போ கடலைப் பாருங்க. தண்ணி ஐரிஷ் கடல் தண்ணி, நல்ல சில்லு. குளிர்ச்சி வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். வயிறு வரைக்கும் தண்ணி இருந்தா உடம்பின் எடையில் ஒரு பங்கைத் தண்ணி தாங்கிக்கும். அடியில மணல் அடியை வாங்கிக்கும். எடை இல்லாம, அதிர்ச்சி இல்லாம, பம்ப் மட்டும் வேலை செய்யுது. இன்னைக்குப் பெரிய லாயங்களில் குளிர்ந்த உப்புத் தண்ணித் தொட்டி கட்டி குதிரையை நிறுத்தறாங்க. மெக்கெய்னுக்கு அது இலவசமா கிடைச்சது.

ஒரு டாக்டரா நேர்மையாச் சொல்லணும்னா, ஒரே ஒரு குதிரையை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. இடம் மாறுச்சு, தரை மாறுச்சு, வேலை முறை மாறுச்சு, பார்க்கிற கை மாறுச்சு. இதில் எது வேலை செஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்ல வழியே இல்லை. முதல் நாள் தண்ணியிலிருந்து வந்ததும் நொண்டாதது கால் மரத்துப் போனதாலயும் இருக்கலாம். வியாதி போயிடுச்சுன்னு யாரும் சொல்லலை, ஓடுற அளவுக்கு அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு கை கூப்பு. இதைப் படிச்சுட்டு சர்க்கரை இருக்கிறவங்க யாரும் காலை உப்புத் தண்ணியில ஊற வைக்காதீங்க. முக்கியமா வெந்நீரில் உப்பு போட்டு வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைஞ்ச காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தோட வந்து, விரலை எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். குதிரை வைத்தியம் குதிரைக்கு.

சரி. வந்த அந்த இலையுதிர் காலத்தில் ரெட் ரம் தொடர்ச்சியா அஞ்சு பந்தயம் ஜெயிச்சது. 1973 நேஷனலுக்கு வரும்போது அதுவும் கிரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரையும் 9-1-ல் சமமான ஃபேவரிட்.

இந்தப் பந்தயத்தில் எடை விதி ஒண்ணு இருக்கு. திறமையான குதிரை அதிக எடை தூக்கணும். ஜாக்கி, சேணம், தேவைப்பட்டா ஈயத் தகடு எல்லாம் சேர்த்து. கிரிஸ்ப்புக்கு 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம்முக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு, சுமார் 66 கிலோ. வித்தியாசம் 10 கிலோவுக்கு மேல். ஒரு சின்ன அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கிட்டு ஓடுறதுன்னு வச்சுக்கங்க.

கிரிஸ்ப் முதல் சுற்றிலிருந்தே தனியா ஓடியது. ரிச்சர்ட் பிட்மன் அதன் ஜாக்கி. தடைகளை ஏதோ தரையில் கிடக்கிற குச்சி மாதிரித் தாண்டிக்கிட்டே போனது. பழைய வீடியோ பார்த்தீங்கன்னா பின்னால வேற குதிரையே கண்ணில் படாது. ரெண்டாவது சுற்றில் பிரையன் ஃப்ளெட்சர் ரெட் ரம்மைத் தனியா பிரிச்சு எடுத்துத் துரத்த ஆரம்பித்தார். கடைசித் தடையைத் தாண்டும்போது கூட கிரிஸ்ப் சுமார் 15 குதிரை நீளம் முன்னால். பாக்கி 450 மீட்டர் புல்தரை. தடை கிடையாது.

அங்க கிரிஸ்ப்புக்குக் காத்து தீர்ந்துடுச்சு. குதிரையின் இதயம் ஓய்வில் நிமிஷத்துக்கு 30, 40 துடிக்கும். முழு ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமிச்சு வச்ச சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். மூக்கால மட்டும்தான் மூச்சு, அதுவும் பாய்ச்சல் ஒண்ணுக்கு மூச்சு ஒண்ணு. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தசைக்கு ஆக்ஸிஜன் போதாத கட்டம் வரும். கிரிஸ்ப் நேராகக் கூட ஓட முடியாம தள்ளாடியது. பிட்மன் சாட்டையை எடுக்க, அது இடப்பக்கம் விலகிப் போனது. அந்தத் தப்புதான் பந்தயத்தைத் தோற்க வச்சதுன்னு பிற்பாடு அவரே பல தடவை சொல்லியிருக்கார். கம்பத்துக்கு ரெண்டு பாய்ச்சல் இருக்கும்போது ரெட் ரம் முந்தியது. முக்கால் நீள வித்தியாசம். நேரம் 9 நிமிஷம் 1.9 விநாடி. 1935-ல் போட்ட பழைய சாதனையை விட 18 விநாடி குறைவு. மூணாவதா வந்த லெஸ்கார்கோ 25 நீளம் பின்னால்.

ஜெயிச்ச குதிரைக்குக் கிடைச்ச கைதட்டலை விட தோத்த குதிரைக்குக் கிடைச்ச அனுதாபம் அதிகம். நியாயம்தான். அதே வருஷம் நவம்பரில் சம எடையில் ரெண்டும் மோதினப்போ கிரிஸ்ப் தான் ஜெயிச்சது.

டாக்ஸிக்காரருக்குக் குருட்டு அதிர்ஷ்டம்னு பேச்சு. 1974-ல் அதே 12 ஸ்டோனை ரெட் ரம் முதுகில் ஏத்தினாங்க. ஏழு நீளத்தில் ஜெயிச்சது. ரெண்டாவது லெஸ்கார்கோ. மூணே வாரத்தில் ஸ்காட்லாந்து நேஷனலையும் ஜெயிச்சது. ஒரே சீசனில் இந்த ரெண்டையும் எடுத்த குதிரை வேற இல்லை. பேச்சு நின்னுது.

1975-ல் ரெண்டாவது. ஜெயிச்சது லெஸ்கார்கோ. பிரெஞ்சில் அந்தப் பேருக்கு நத்தைன்னு அர்த்தம். 1973-ல் மூணாவது, 1974-ல் ரெண்டாவது, 1975-ல் முதல். நத்தை கணக்காத்தான் வந்து சேர்ந்தது.

அதுக்கப்புறம் ஃப்ளெட்சருக்கும் மெக்கெய்னுக்கும் முறிஞ்சு போனது. குதிரை பழைய மாதிரி இல்லைன்னு ஃப்ளெட்சர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிட்டார். ட்ரெய்னருக்கு வந்த கோபத்தில் ஜாக்கி மாறினார். டாமி ஸ்டாக் ஏறினார். 1976-லும் ரெண்டாவது, ரேக் ட்ரேட் என்ற குதிரையிடம் ரெண்டு நீளத்தில் தோல்வி. ஃப்ளெட்சர் சொன்னது சரிதானோன்னு எல்லாருக்கும் தோணியது. அடுத்த வருஷம் குதிரைக்கு 12 வயசு.

1977 ஏப்ரல். முதுகில் 11 ஸ்டோன் 8 பவுண்டு. முன்னால போன குதிரைகள் விழுந்து விலக, இது அலட்டிக்காம முன்னுக்கு வந்து, 25 நீள வித்தியாசத்தில் ஜெயிச்சது. அஞ்சு நேஷனல், 150 தடை, ஒரு தடவை கூட விழலை. வியாதி பிடிச்ச அந்தக் குளம்புகளில்தான் 150 முறையும் இறங்கியது.

இங்கே சந்தோஷமா நிறுத்திட மனசு வரலை. ரெட் ரம் ஜெயிச்ச 1973-ல் கிரே சாம்ப்ரெரோ என்ற குதிரை சேர் தடையில் விழுந்து செத்தது. 1975-ல் லேண்ட் லார்க், பியூ பாப். 1977-ல் வின்டர் ரெயின், ஜீட்டாஸ் சன். எலும்பு முறிஞ்சா ஏன் கொல்றாங்கன்னு நிறைய பேர் கேட்பாங்க. நமக்குத் தொடை எலும்பு உடைஞ்சா ராடு வச்சு, படுக்க வச்சு, மூணு மாசத்தில் நடக்க விடலாம். குதிரையை அப்படிப் படுக்க வைக்க முடியாது. நுரையீரலும் குடலும் தாங்காது. நிறுத்தி வச்சா எடை முழுக்க நல்ல கால்களில் ஏறி, அந்தக் குளம்புகளுக்கு ரத்தம் குறைஞ்சு, உள்ளே எலும்பு கழண்டு இறங்கும். அதோட வலிக்கு முன்னால முறிவே பரவாயில்லை. இன்னைக்குச் சில முறிவுகளைச் சரி செய்யறாங்க, ஆனா எல்லாத்தையும் இல்லை. ஒரே மைதானம், அதே தடை, அதே தரை. அந்தக் குதிரைகளுக்கும் விடியற்காலையில தீனி போட்டு, சாயந்திரம் காலைத் தடவிப் பார்த்த ஒரு பையன் இருந்திருப்பான். வெறும் கடிவாளத்தோட லாயத்துக்குத் திரும்பியிருப்பான். இந்தப் பந்தயம் எனக்குப் பிடிக்கும், பார்ப்பேன். ஆனா இதைச் சொல்லாம ரெட் ரம் கதையை மட்டும் சொல்றது பாதி டிஸ்சார்ஜ் சம்மரி.

மைதானத்துக்கே அப்போ ஐசியூ நிலைமை. 1973-ல் ஏன்ட்ரீயை ஒரு ரியல் எஸ்டேட்காரர் வாங்கினார். 1975-ல் டிக்கெட் விலையை ஏத்தினதும் கூட்டம் படுத்துடுச்சு. வருஷா வருஷம் இதுதான் கடைசி நேஷனல்னு பேசிப்பாங்க. லாட்ப்ரோக்ஸ் என்ற பந்தய நிறுவனம் நிர்வாகத்தை எடுத்து ஓட்டி, 1983-ல் தான் ஜாக்கி கிளப் கைக்கு மைதானம் வந்தது. அந்த நடுக்கமான வருஷங்களில் குதிரையே தெரியாத ஜனங்கள் கூட டிவி முன்னால உட்கார்ந்ததுக்கு ரெட் ரம் ஒரு பெரிய காரணம். இல்லாட்டி இன்னைக்கு அங்க வீட்டு மனைதான்.

1978-ல் ஆறாவது முறை ஓட வேண்டியது. பந்தயத்துக்கு முதல் நாள் காலில் மயிரிழை முறிவு தெரிஞ்சு ஓய்வு கொடுத்தாங்க. முடியளவு கோடு. ஓடவிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மேலே சொல்லிட்டேன். தாண்டும் பந்தயம் மொத்தம் 100, வெற்றி 24.

1977 டிசம்பரில் பிபிசி விருது விழா ஸ்டுடியோவுக்கே குதிரையைக் கூட்டிட்டு வந்தாங்க. டாமி ஸ்டாக் வேற ஊரிலிருந்து வீடியோ இணைப்பில் பேசினார். குதிரை அதுவரைக்கும் சும்மா நின்னுக்கிட்டிருந்தது. ஸ்டாக் குரல் கேட்டதும் காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது. யூடியூபில் தேடிப் பாருங்க.

ரெட் ரம் 1995 அக்டோபர் 18-ல், 30 வயசில் செத்தது. ஏன்ட்ரீயில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைச்சிருக்காங்க. லெ மேர் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டார், மூணு ஆசையும் முடிச்சுட்டு.

மெக்கெய்ன் 1990-ல் சவுத்போர்ட்டை விட்டு செஷயரில் பெரிய லாயத்துக்கு மாறினார். புல்வெளி, பெரிய இடம், நடந்து போற தூரத்தில் கடல் கிடையாது. கடல் போயிடுச்சு, ரெட் ரம்மும் போயிடுச்சு, இனி இந்த ஆளுக்கு நேஷனல் இல்லைன்னு ஒதுக்கிட்டாங்க. 2004-ல் ஆம்பர்லீ ஹவுஸ் என்ற குதிரையைக் கொண்டு வந்து நாலாவது முறை ஜெயிச்சார். அப்போ அவருக்கு 73 வயசு. 2011 ஏப்ரலில் அவர் மகன் பழக்கிய பாலாப்ரிக்ஸ் ஜெயிச்சதையும் பார்த்துட்டு, அந்த செப்டம்பரில் 81-வது பிறந்த நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய்ச் சேர்ந்தார்.

உப்புத் தண்ணி தியரியை நான் முழுசா நம்பாம இருக்கிறதுக்கு அந்த 2004 ஒரு காரணம்.

நைட் டூட்டிக்குக் கிளம்பணும். கேள்வி இருந்தா கீழே போடுங்க, காலையில பதில் சொல்றேன்.